டர்பனிலிருந்து மாத்தோலா வரை: ஒரு எல்லைப் பயணச் சேவை பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பயணத்துக்குத் தாராளமாகப் போகலாம். பதின்மூன்று, பதினாலு வயது தாண்டிய பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் நடத்துகிறவர்களிடம் சில விஷயங்களைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவை என்னென்ன என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டர்பனில் ஏறி, எம்புசினி, கோமாட்டிபோர்ட், எல்லை தாண்டி மொஸாம்பிக்கில் மாத்தோலா, மபுட்டோ என்று போய், கோசி பே வழியாகத் திரும்பி வருகிற பயணம். ஒரு குடும்பம் ஒரே ஒரு வேனை வைத்துக்கொண்டு நடத்துகிறது. 1980களில், நிறவெறி ஆட்சிக் காலத்தில், தென்னாப்பிரிக்க ராணுவம் எல்லை தாண்டிப் போய் அண்டை நாடுகளில் நடத்திய பழிவாங்கும் தாக்குதல்கள், நடுவில் போட்ட சமாதான ஒப்பந்தம், அந்த ஒப்பந்தத்தை மீறிய கதை, இதுதான் பயணத்தின் பொருள். நடத்துகிறவர்களின் பெயரை நான் இங்கே போடவில்லை. குறைகளும் எழுதியிருக்கிறேன், அவர்கள் சின்ன ஆட்கள், திருத்திக்கொள்ள அவகாசம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். வேண்டியவர்கள் என்னிடம் தனியாகக் கேட்டால் நம்பர் தருகிறேன்.

நான் திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி டர்பனில் மெர்பேங்குக்கு வந்தவள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என்னோடு வந்தது என் கணவரின் அக்கா. ஊர் வழக்கப்படி நான் மதினி என்று கூப்பிடுகிறேன். மெர்பேங்கிலேயே பிறந்து வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவர். மாத்தோலா என்ற பெயர் மதினிக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த பெயர் அல்ல. 1981 ஜனவரி 30 அன்று மாத்தோலாவில் தென்னாப்பிரிக்க ராணுவத்தின் தாக்குதலில் கொல்லப்பட்டவர்களில் கிருஷ்ணா ரபிலால் எங்கள் மெர்பேங்க்காரர். அந்தச் செய்தி வந்தபோது ஊரில் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசியதை மதினி இன்றும் சொல்வார். சத்தமாகப் பேசினால் போலீஸ் வரும் காலம் அது. இத்தனை வருஷமாக அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவரை இந்தப் பயணத்தால்தான் கூட்டிப்போக முடிந்தது. அதற்காகவே நடத்துகிறவர்களுக்கு என் நன்றி.

வேன் நல்ல வேன். ஏசி வேலை செய்தது, சீட் பெல்ட் எல்லா இருக்கைக்கும் இருந்தது, டிரைவர் நிதானமாக ஓட்டினார். இரவு தங்கின இடங்கள் சுத்தம். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டணம் கொஞ்சம் கனமானதுதான், ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மாத மளிகைச் செலவு போய்விடும். ஆனால் சாப்பாடு, தங்குமிடம், நுழைவு எல்லாம் சேர்ந்துதான் அது.

டர்பனிலிருந்து கூடவே வருகிற வழிகாட்டி ராணுவ வரலாற்றில் ஊறிப்போன பெரியவர். என்-2 நெடுஞ்சாலையில் ஸ்டாங்கரைத் தாண்டும்போது பேச ஆரம்பித்தார், போங்கோலா வரை நிறுத்தவில்லை. எந்த விமானம், எத்தனை பேர் கொண்ட படை, எந்த நடவடிக்கைக்கு என்ன ரகசியப் பெயர், யார் தளபதி என்று எல்லாம் விரல்நுனியில். தகவலில் நான் தப்புக் கண்டுபிடிக்கவில்லை. என் வருத்தம் வேறு. அவ்வளவு நேரம் பேசினதில் செத்துப்போனவர்கள் எண்ணிக்கையாக மட்டும்தான் வந்தார்கள். மாத்தோலாவில் இத்தனை, லெசோத்தோவின் மசேருவில் இத்தனை, போட்ஸ்வானாவின் கபரோனில் இத்தனை. மதினி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அவங்க யாரு, என்ன பேரு, எங்கேருந்து வந்தவங்கன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்டார். அவர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. "மாத்தோலாவில் இன்னொரு வழிகாட்டி வருவார், அவர் சொல்வார்" என்றார். அந்த இன்னொரு வழிகாட்டியைப் பற்றிப் பிறகு வருகிறேன். ஆனால் இந்தக் கதையை ஆரம்பிக்கவே வேண்டியது செத்தவர்களிடமிருந்துதான் என்பது என் உறுதியான கருத்து. குண்டு போட்டவர்கள் வைத்த பெயர்களிலிருந்து ஆரம்பித்தால், கேட்கிற பிள்ளைகளுக்கு அது வீரசாகசமாகத்தான் மனசில் பதியும்.

பெரிய குறை ஒன்று பீட் ரெட்டீஃபில். இப்போது அந்த ஊரை எம்கோண்டோ என்கிறார்கள். வேன் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. டர்பனில் சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த, நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய லென்னி நாயுடு, ஸ்வாஸிலாந்திலிருந்து (இப்போது எஸ்வாட்டினி) எல்லை கடந்து வந்தபோது இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் 1988 ஜூனில் கொல்லப்பட்டார். அவரையும் சேர்த்து நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். மற்ற மூவரும் இளம்பெண்கள்: மகோசி நியோகா, லிண்டிவே எம்தெம்பு, ஜூன்-ரோஸ் கொதோஸா. ரகசியக் கொலைப்படையான வ்லாக்பிளாஸ் பிரிவுப் போலீஸார் காத்திருந்து சுட்டது என்பது பிற்பாடு, நிறவெறி ஆட்சி முடிந்தபின் அமைத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன்னால் வெளிவந்த விஷயம். சாட்ஸ்வொர்த்தில் பேவியூ பக்கம் லென்னி நாயுடு சாலை வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறோம். எங்கள் வேனில் சாட்ஸ்வொர்த்துக்காரர்களும் இருந்தார்கள். அவ்வளவு தூரம் வந்துவிட்டு, பெட்ரோல் பங்கில் காபி குடிக்க நிறுத்தினார்களே தவிர, அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கேட்டபோது, "அது நம் தலைப்பில் வராது, அது நாட்டுக்குள்ளே நடந்தது" என்றார் வழிகாட்டி. இதை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே கை நீண்டிருந்தது என்பதுதானே இந்தப் பயணத்தின் விஷயமே. பத்து நிமிஷம் வண்டியை ஓரமாக நிறுத்தி நாலு பேரின் பெயரைச் சொல்வதற்கு என்ன கஷ்டம்?

எம்புசினி பற்றிக் குறையே இல்லை. 1986 அக்டோபர் 19 இரவு, ஸாம்பியாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மொஸாம்பிக் அதிபர் சமோரா மஷேலின் டுப்போலேவ் விமானம் இந்த மலைச்சரிவில் மோதியது. மொஸாம்பிக், ஸ்வாஸிலாந்து, தென்னாப்பிரிக்கா மூன்றும் சந்திக்கிற மூலைக்குப் பக்கத்தில் இருக்கிறது இடம். மொஸாம்பிக் கட்டடக் கலைஞர் ஜோஸே ஃபோர்ஜாஸ் வடிவமைத்த நினைவுச்சின்னம், இறந்தவர்களுக்காக 35 உயரமான இரும்புக் குழாய்கள். 1999 ஜனவரியில் மண்டேலா திறந்துவைத்தார். குழாய்களில் கீறல் போட்டிருக்கிறார்கள், காற்று புகுந்தால் ஒலி எழும்பும். நாங்கள் போன அன்று காற்று நன்றாக வீசியது. மதினி ஒரு குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு என் கையையும் இழுத்து வைத்தார், உள்ளே அதிர்வது கைக்குத் தெரிந்தது. ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு மாதிரி அதிர்ந்தது. அங்கே எங்களை அவசரப்படுத்தாமல் விட்டதற்கு நடத்துகிறவர்களுக்கு முழு மதிப்பெண்.

விபத்துக் காரணத்தைப் பற்றியும் வழிகாட்டி நேர்மையாகப் பேசினார். தென்னாப்பிரிக்கா அமைத்த மார்கோ ஆணையம் விமானிகளின் தவறு என்றது. சோவியத் தரப்பு, பொய்யான வழிகாட்டும் சிக்னல் விமானத்தைத் திசைதிருப்பியது என்றது. உண்மை ஆணையம் விசாரித்தும் முடிவுக்கு வரவில்லை, மேலும் விசாரிக்க வேண்டும் என்று விட்டுவிட்டது. மூன்றையும் சொன்னார், தன் சந்தேகத்தைச் சந்தேகமாகவே சொன்னார். நல்ல வாத்தியார் செய்கிற வேலை இது.

கோமாட்டிபோர்ட்டில் பார்டரைக் கடப்பதற்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்ட தாள். இந்தப் பயணத்தில் காசுக்கு மேலே கிடைத்த பொருள் என்றால் இதுதான். நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் சொன்னது, வலப்பக்கம் நடந்தது என்று பிரித்திருக்கிறார்கள். அலங்காரம் கிடையாது, தேதியும் இரண்டு வரியும்தான். நான் அதை என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜெராக்ஸ் எடுக்கப்போகிறேன், அனுமதி கேட்டுவிட்டேன்.

இடப்பக்கத்தின் நடுவில் இருப்பது 1984 மார்ச் 16. இந்த நிகோமாட்டி ஆற்றங்கரையில்தான் அன்றைய தென்னாப்பிரிக்கப் பிரதமர் பி.டபிள்யூ. போத்தாவும் சமோரா மஷேலும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். உன் நாட்டில் இருந்துகொண்டு என்னைத் தாக்குகிறவர்களுக்கு நீ இடம் கொடுக்காதே, என் நாட்டில் இருந்துகொண்டு உன்னைத் தாக்குகிறவர்களுக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன் என்பதுதான் சாரம். மொஸாம்பிக் தன் பங்கைச் செய்தது. நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்காரர்களைப் பெருமளவு வெளியே அனுப்பிவிட்டு, மபுட்டோவில் பத்துப் பேர் கொண்ட சின்ன அலுவலகம் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னது. அடைக்கலம் தேடி வந்தவர்களை அப்படி அனுப்ப மஷேலுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். 1981 பிப்ரவரி 14 அன்று, மாத்தோலா நடந்த இரண்டே வாரத்தில், அந்தக் காங்கிரஸின் தலைவர் ஆலிவர் டாம்போவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தென்னாப்பிரிக்கப் படை வரட்டும் பார்க்கலாம் என்று மபுட்டோவில் முழங்கிய மனிதர் அவர். மூன்று வருஷம் கழித்துக் கையெழுத்துப் போட வைத்தது போரும் வறட்சியும் பசியும்.

வலப்பக்கத்தில் அதே ஒப்பந்தத்துக்கு நேரே என்ன இருக்கிறது? மொஸாம்பிக் அரசை எதிர்த்துப் போராடிய ரெனாமோ. அதை முதலில் உருவாக்கி வளர்த்தது ரொடீஷியாவின் உளவுத்துறை. 1980இல் ஸிம்பாப்வே சுதந்திரம் அடைந்ததும் தென்னாப்பிரிக்க ராணுவம் அதைத் தத்தெடுத்துக்கொண்டது, ஃபலபோர்வா பக்கம் பயிற்சி கொடுத்தது. ஒப்பந்தப்படி 1984 மார்ச்சோடு இதெல்லாம் நின்றிருக்க வேண்டும். 1985 ஆகஸ்ட்டில் மொஸாம்பிக், ஸிம்பாப்வே படைகள் கொரொங்கோஸா காட்டில் காஸா பனானா என்ற ரெனாமோ தலைமை முகாமைப் பிடித்தன. அங்கே ரெனாமோ ஆட்களின் நாட்குறிப்புகள் கிடைத்தன. தென்னாப்பிரிக்கா கையெழுத்துக்கு முன்பே ஆயுதத்தைக் கொட்டிக்கொடுத்தது, கையெழுத்துக்குப் பிறகும் விமானத்தில் சாமான் இறக்கியது, காட்டுக்குள் ஓடுதளம் போட்டுக்கொடுத்தது, துணை வெளியுறவு அமைச்சர் லூயி நெல் மொஸாம்பிக் அரசுக்குத் தெரியாமல் அந்த முகாமுக்கே போய்வந்தது, எல்லாம் அதில் இருந்தது. மறுக்க முடியாமல் தென்னாப்பிரிக்க அரசு ஒத்துக்கொண்டது. ஆனால் வெறும் நடைமுறை மீறல் என்கிற மாதிரிச் சொல்லி முடித்தது. அந்த வரியைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. 1992 அக்டோபர் 4 அன்று ரோமில் சமாதானம் ஆகும்வரை அந்த உள்நாட்டுப் போரில், பசியாலும் சேர்த்து, ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படுகிற கணக்கு. அதில் எத்தனை பேர் 1984 மார்ச்சுக்குப் பிறகு இறந்தவர்கள்!

அங்கோலாவும் தாளில் இருக்கிறது. 1984 பிப்ரவரியில் ஸாம்பியாவின் லுஸாக்காவில் தென்னாப்பிரிக்காவும் அங்கோலாவும் போட்ட போர்நிறுத்த உடன்பாடு, படை விலகுவதைக் கண்காணிக்க இரண்டு நாடும் சேர்ந்த கூட்டு ஆணையம். நேர் எதிரே 1985 மே: அங்கோலாவின் கபிண்டாவில் எண்ணெய்க் கிடங்குகளைத் தகர்க்கப் போன தென்னாப்பிரிக்க கமாண்டோக்களில் இருவர் சுடப்பட்டு இறந்தார்கள், தலைமை தாங்கிய கேப்டன் விநாண்ட் டு டோய்ட் உயிரோடு பிடிபட்டார். அடுத்த வருஷம் 1986 மே 19. காமன்வெல்த் அனுப்பிய பிரமுகர் குழு சமாதானம் பேச தென்னாப்பிரிக்காவில் இருக்கும்போதே ஹராரே, லுஸாக்கா, கபரோன் மூன்றிலும் ஒரே நாளில் தாக்குதல். பேச்சுவார்த்தை அதோடு முடிந்தது.

எதிர்ப்பக்கத்தையும் தாள் மறைக்கவில்லை. 1983 மே 20 அன்று பிரிட்டோரியா சர்ச் வீதியில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப்படை வைத்த கார் குண்டு வெடித்தது. வைத்தவர்கள் இருவரையும் சேர்த்து 19 பேர் இறந்தார்கள், 200க்கு மேல் காயம். விமானப்படைத் தலைமையகத்துக்கு வெளியேதான் என்றாலும் செத்தவர்களில் வழிப்போக்கர்களும் உண்டு, கறுப்பினத்தவரும் உண்டு. அதுவும் துயரம்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்றாம் நாள், மே 23 காலையில், தென்னாப்பிரிக்க இம்பாலா விமானங்கள் மாத்தோலா மேல் பறந்தன. சர்ச் வீதிக்குப் பதில் என்றார்கள். பதில் யார் தலையில் விழுந்தது என்பதை எங்களுக்குச் சொன்னது இரண்டாவது வழிகாட்டி.

அந்த அம்மாள் மாத்தோலாவிலேயே பிறந்தவர். போர்த்துகீசும் கொஞ்சம் ஆங்கிலமும் பேசுவார், நிறுத்தி நிறுத்திப் பேசுவார். வேனுக்குள் ஏறியதும் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு, யார் யார் எந்த ஊர் என்று கேட்டார். மதினி மெர்பேங்க் என்றதும், "கிருஷ்ணா ரபிலால்" என்றார் உடனே. மதினி அந்த அம்மாளின் கையை அப்புறம் ரொம்ப நேரம் விடவில்லை. டர்பனிலிருந்து மாத்தோலா வரை அந்தப் பெயரை எங்கள் வேனில் சொன்ன முதல் ஆள் இவர்தான்.

எல்லையிலிருந்து மாத்தோலா தூரமில்லை. 1981 ஜனவரி 30 அதிகாலை அதே சாலை வழியாகத்தான் மொஸாம்பிக் ராணுவ உடை போட்டுக்கொண்டு தென்னாப்பிரிக்கப் படை வந்தது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் ஆட்கள் தங்கியிருந்த மூன்று வீடுகளைத் தாக்கியது. 16 தென்னாப்பிரிக்கர்கள் இறந்தார்கள். தாக்க வந்தவர்களிலும் சிலர் இறந்தார்கள். அன்று செத்தவர்களில் ஒருவர் ஜோஸே ராமோஸ், போர்த்துகீசு நாட்டு மின் தொழில்நுட்பப் பணியாளர். தன் வழியில் காரில் போய்க்கொண்டிருந்தார். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான ஜோ ஸ்லோவோவின் முகச்சாயல் இருந்ததால் அவர் என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். அந்த அம்மாள் இதைச் சொல்லும்போது ஸ்லோவோவைப் பற்றி அதிகம் பேசவில்லை. வேலைக்குப் போகிற ஒரு மனிதன், தன் முகம் இன்னொருவர் முகம் மாதிரி இருந்ததால் வீடு திரும்பவில்லை என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

2015 செப்டம்பரில் இரண்டு நாட்டு அதிபர்களும் சேர்ந்து திறந்துவைத்த நினைவிடமும் விளக்க மையமும் இப்போது மாத்தோலாவில் இருக்கிறது. அதை நேரில் போய்ப் பாருங்கள், நான் எழுதிச் சொல்வதைவிட அது மேல். எங்கள் குழுவுக்கு அங்கே அந்த அம்மாள் செய்தது இதுதான்: இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் நின்றார். பிறகு எங்களில் இளையவனாக இருந்த பதினைந்து வயதுப் பையனை அழைத்து, நீ ஒரு தடவை வாசி என்றார். அவன் ஸூலு பெயர்களைச் சரியாக உச்சரித்தான், தமிழ்ப் பையன்தான், பள்ளிக்கூடத்தில் ஸூலு படிக்கிறவன். காலையிலிருந்து போனை நோண்டிக்கொண்டிருந்த பிள்ளை அது, அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள் என்று நான் மேலே சொன்னதற்குக் காரணம் இந்த ஒரு கால் மணி நேரம்.

1983 மே 23 பற்றி அவர் சொன்னதையும் எழுதிவைக்கிறேன். பள்ளிக்குக் கிளம்புகிற நேரம். விமானச் சத்தம் கேட்டதும் அவருடைய அம்மா பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாராம். ஒரு ஜாம் தொழிற்சாலை தாக்கப்பட்டது. ஆறு பேர் இறந்தார்கள் என்றது மொஸாம்பிக், அவர்களில் ஒருவர்தான் தென்னாப்பிரிக்க அகதி. தென்னாப்பிரிக்க ராணுவமோ அறுபது பேருக்கு மேல் கொன்றோம், பெரும்பாலும் பயங்கரவாதிகள் என்று அறிவித்தது. அன்று காலை ஜாம் பாட்டில் மூடி போட வந்தவர்களுக்கும் சர்ச் வீதிக் குண்டுக்கும் என்ன சம்பந்தம்? பழி வாங்குகிறேன் என்று எல்லை தாண்டுகிறவன் கையில் சிக்குவது குண்டு வைத்தவன் இல்லை, அவனுக்கு வாடகைக்கு வீடு விட்ட தெருவும் அந்தத் தெருவில் வேலைக்குப் போகிறவர்களும்தான். மசேருவிலும் அப்படித்தான் நடந்தது. 1982 டிசம்பர் 9 அன்று லெசோத்தோ தலைநகருக்குள் புகுந்து 42 பேரைக் கொன்றார்கள், அதில் 12 பேர் அந்த நாட்டுக்காரர்கள். 1985 ஜூன் 14 அன்று கபரோனில் இறந்த 12 பேரில் ஆறு வயதுக் குழந்தை ஒன்று. ஐ.நா. பாதுகாப்பு சபை 527, 568 என்று எண் போட்டுக் கண்டனத் தீர்மானங்கள் நிறைவேற்றியது. அப்புறமும் 1986 மே வந்தது.

மசேருவையும் கபரோனையும் பற்றி இந்தப் பயணத்தில் எண்ணிக்கைக்கு மேல் ஒன்றும் கிடைக்காது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரே பயணத்தில் எல்லா ஊருக்கும் போக முடியாது, நியாயம்தான். ஆனால் வேனில் போகிற அவ்வளவு மணி நேரத்தில் விமான ரகங்களைக் குறைத்துக்கொண்டு அந்த இரண்டு ஊர்க் கதையையும் சொல்லலாம்.

சாப்பாடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் புரட்டாசி விரதம், மீன்கூடக் கிடையாது. பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதிக்கொடுத்திருந்தோம். அப்படியும் மபுட்டோவில் மதிய சாப்பாட்டுக்குக் கூட்டிப்போன இடத்தில் எல்லாத் தட்டிலும் இறால். கடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன், சொல்லாதவர்கள் மேல்தான் தப்பு. அந்த அம்மாளே சமையல்கட்டுக்குள் போய்ப் பேசி, இறால் போடாத மத்தாப்பா வாங்கிக்கொண்டு வந்தார். மரவள்ளி இலையை இடித்து, வேர்க்கடலையும் தேங்காய்ப்பாலும் ஊற்றிக் குழைய வேகவைத்தது. நம் வீட்டில் முருங்கைக்கீரை தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்கிற பக்குவம், ஆனால் கடலை வாசனை தூக்கல். சூடான சோற்றில் போட்டுச் சாப்பிட்டோம். மதினி இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். சைவக்காரர்கள் கிளம்புவதற்கு முதல் நாள் போன் போட்டு மறுபடி நினைவுபடுத்திவிடுங்கள்.

மபுட்டோவில் லங்கேனே கல்லறைத் தோட்டத்துக்கும் போனோம். மாத்தோலாவில் இறந்தவர்களை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். 1982 ஆகஸ்ட் 17 அன்று மபுட்டோ பல்கலைக்கழகத்தில் பார்சல் குண்டு வெடித்துக் கொல்லப்பட்ட நிறவெறி எதிர்ப்பாளர் ரூத் ஃபர்ஸ்டுக்கும் அங்கேதான் இடம். இந்த இடத்துக்கு ஒதுக்கின நேரம் ரொம்பக் குறைவு. அட்டவணையில் அடுத்து கடைத்தெரு என்று போட்டிருந்ததால் டிரைவர் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார். கைவினைப் பொருள் வாங்குவதற்கு ஒரு மணி நேரம், கல்லறைக்கு இருபது நிமிஷம் என்பது எந்த ஊர் நியாயம்? மதினி வீட்டிலிருந்தே சூடமும் தீப்பெட்டியும் கொண்டுவந்திருந்தார். பூ மபுட்டோவில் வாங்கினோம். சூடம் ஏற்ற நேரமில்லாமல் பூவை மட்டும் வைத்துவிட்டுத் திரும்பினோம். மதினி ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இந்த ஒரு விஷயத்தை நடத்துகிறவர்கள் கட்டாயம் மாற்ற வேண்டும். மாற்றுகிறவரை, நீங்கள் போனால் கடைத்தெரு வேண்டாம் என்று குழுவாகச் சேர்ந்து முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

திரும்பும் வழி கட்டெம்பே பாலம் ஏறி, தெற்கே கோசி பே பார்டர். பாலம் 2018இல் திறந்தது, மேலிருந்து மபுட்டோ விரிகுடா முழுசும் தெரியும். புதுச் சாலை என்பதால் இடுப்பு வலிக்காது. அந்த பார்டர் மாலையில் மூடிவிடும், அதனால் மபுட்டோவில் யாரும் தாமதம் பண்ணக் கூடாது. தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை. என்னைப் போல இந்திய பாஸ்போர்ட்டில் இருப்பவர்கள் விசாவை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பெற்றோர் பெயர் போட்ட முழுப் பிறப்புச் சான்றிதழ் எடுத்துவையுங்கள். மலேரியா மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டியவை என்று தொடக்கத்தில் சொன்னேனே. மாத்தோலாவில் அந்த அம்மாள் வருகிறாரா என்று கேளுங்கள். அவர் வராத தேதி என்றால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள், அவர் இல்லாமல் இந்தப் பயணத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். லங்கேனேயில் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். அந்த இரண்டு பக்கத் தாளை முதல் நாளே, டர்பனிலேயே கொடுக்கச் சொல்லுங்கள், வழியில் பிள்ளைகளோடு சேர்ந்து படித்துக்கொண்டே போகலாம்.

நடத்துகிறவர்களுக்கு இதையெல்லாம் கடிதமாகவும் எழுதியிருக்கிறேன். லங்கேனேயில் நேரத்தைக் கூட்டுவதாகப் பதில் வந்திருக்கிறது. பீட் ரெட்டீஃப் பற்றி யோசிப்பதாக எழுதியிருக்கிறார்கள். அங்கே வண்டியை நிறுத்தி அந்த நாலு பேரின் பெயரையும் சொல்கிற பயணம் எப்போது கிளம்புகிறதோ, அன்று நானும் மதினியும் முழுக் கட்டணம் கட்டி மறுபடி வருவோம் என்று திருப்பி எழுதிவிட்டேன். அந்தத் தடவை சூடத்தோடு போவோம்.